மூச்சுக்கு ஒரு வசனம்

பாம்பு கடித்ததை நான் முதலில் நாய்க்குத்தான் சொன்னேன்.

சிரிக்க வேண்டாம். அன்று தீடை மணலில் நாங்கள் மூன்று பேர்தான். அருள்நாயகியாகிய நான், என் வீட்டுக்காரர் மில்ரன், செத்துப்போன என் அண்ணன் கிறகரியின் பெண்சாதி கொறற்றி. மில்ரன் தண்ணீர் ஓரத்தில் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கொறற்றி மச்சாள் எனக்கு எதிரே, அதே வலையின் மற்றப் பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில் குந்தியிருந்தாள். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. அண்ணாவை அடக்கம் செய்த நாளில் இருந்து இல்லை. அதனால் பக்கத்தில் படுத்திருந்த ஜிம்மியிடம் சொன்னேன்.

எங்கள் பள்ளிமுனை ஊரில் கதை இல்லாதவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள் என்று நினைத்தால் அது பெரிய பிழை. கதை இல்லாத வீடுகளில்தான் சத்தம் கூடுதல். கோழியைப் பார்த்துச் சொல்வோம், காகத்தைப் பார்த்துச் சொல்வோம், அடுப்பில் கொதிக்கிற உலைக்குச் சொல்வோம். கேட்க வேண்டியவருக்குக் கேட்கும். பதிலும் வரும், அதுவும் இன்னொரு கோழிக்கு. இதைச் சாடை என்போம். நானும் மச்சாளும் ஐந்தாறு வருசமாக இப்படித்தான் தொழில் செய்கிறோம். வள்ளத்திலும் வலையிலும் இருந்த அண்ணாவின் பங்கு அவளுக்கு வந்தது. பங்கு வந்தால் ஆளும் வரத்தானே வேண்டும்! தீடைக்குக் கோழி கொண்டுபோக முடியாது. ஜிம்மியை நாங்கள் வள்ளத்தில் ஏற்றுவதே இதற்காகத்தான்.

அண்ணா செத்தது ஒரு மத்தியானம். நான் அடுத்த ஒழுங்கையில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கோயில் மணி அடித்தது, சாவுக்கு அடிக்கிற மணி. யாருக்கு என்று எழும்பிப் போய்க் கேட்டேன். கேட்ட என்னை எல்லோரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஊர் முழுக்க அடித்த மணியில்தான் என் கூடப்பிறந்தவனின் சாவு எனக்கும் தெரியவந்தது. உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தபோது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் ஓடியிருப்பேனே! முகத்தை ஒரு தடவை பார்த்திருப்பேனே! செத்தவீட்டில் சுவரைப் பார்த்து அதைக் கேட்டேன். மச்சாள் சுவருக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு எரிந்த நெஞ்சு இன்னும் ஆறவில்லை.

சரி, பாம்புக்கு வருகிறேன். தீடை என்பது கடலுக்குள் கிடக்கிற மணல் திட்டு. மரம் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, போனில் சிக்னல் இல்லை. நண்டுக் காலத்தில் நாங்கள் போடுகிற கிடுகுக் குடிசை, வாடி என்போம், அது ஒன்றுதான் நிழல். அன்று காற்று விழுந்துவிட்டது. கடலும் வானமும் ஒரே நிறமாகி, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் தீவுக்கரையின் காற்றாலைகள் தண்ணீருக்குள் நின்றுகொண்டு மெதுமெதுவாகச் சுற்றின. பூநாரைகள் நின்ற இடத்தில் கால் தெரியவில்லை, றோசா நிறம் மட்டும் மிதந்தது. அப்படி ஒரு காலையில் யாருக்கும் கெட்டது நடக்கும் என்று நினைக்கத் தோன்றாது.

வலையைப் புரட்டிக்கொண்டு வந்த மச்சாள் சட்டென்று கையை எடுத்தாள்.

"ஜிம்மி, இந்த மூலையில கடல் பாம்பு ஒண்டு சிக்கிக் கிடக்கு. உயிரோட கிடக்கு. ஆரும் கை வைக்க வேண்டாம். மில்ரன் அண்ணை வந்து தடியால எடுக்கட்டும்."

நாய்க்குச் சொன்ன புத்தியை நான் ஏன் கேட்க வேண்டும்? கடல் பாம்பு எங்களுக்கு என்ன புதிதா? வாலில் பிடித்து எறிந்துவிட்டு வேலையைப் பார்க்கிற சாமான். "பாம்புக்குப் பயந்த ஆக்கள் கடலுக்கு வரப்படாது ஜிம்மி" என்று சொல்லிக்கொண்டு, அந்த மூலைக்குள்தான் கையை விட்டேன். வேண்டுமென்றே விட்டேன்.

பெருவிரலடியில் ஊசி நுனி பட்ட மாதிரி இருந்தது. அவ்வளவுதான். நோவே இல்லை, நண்டு கடித்தால் இதைவிட நோகும். பாம்பு வலையை விட்டுக் கழன்று, தட்டை வாலை மணலில் அடித்து அடித்து, தண்ணீருக்குள் போய்விட்டது.

"ஜிம்மி, பல்லுப் பட்டிட்டுது போல கிடக்கு" என்றேன், சும்மா ஒரு பேச்சுக்கு.

மச்சாள் நிமிர்ந்தாள். "பட்டதெண்டால் அசையாமல் இருக்கச் சொல்லு ஜிம்மி. கையை ஆட்ட வேண்டாமெண்டு சொல்லு." பிறகு தண்ணீர்ப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "அண்ணை! உங்கட மனுசிக்குப் பாம்பு கடிச்சிட்டுது. கரைக்கு வெளிக்கிடுவம்!"

மில்ரன் பதறிப்போய் என்னைப் பார்த்தார். "நண்டு கடிச்சது. இவவுக்கு விசர் பிடிச்சிருக்கு" என்றேன். என் வீட்டுக்காரர் நான் சொன்னதை நம்புகிற மனுசன். எஞ்சினையும் அப்போதுதான் கழற்றிப் போட்டிருந்தார். திரும்பவும் அதற்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் செய்த வேலை இருக்கிறதே! ஒரு நாளும் இல்லாத மாதிரி ஓடி ஓடி வேலை செய்தேன். வலையை இழுத்தேன். நண்டுக்கூடைகளை இரண்டு இரண்டாகத் தூக்கினேன். அவள் பார்க்க வேண்டும் என்றுதான் தூக்கினேன். நஞ்சை உடம்பு முழுக்கப் பரப்புவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று பிறகு டொக்டர் சொன்னார்.

வெயில் ஏறியது. முதலில் கழுத்து இறுகியது. பிறகு தோள், முதுகு, தொடை என்று ஒவ்வொன்றாக, யாரோ உலக்கையால் அடித்துவிட்டுப் போன மாதிரி நோ. நாக்குத் தடித்தது. நான் வலையடியில் குந்தினேன். இரண்டு ஜிம்மி தெரிந்தது. அதற்குப் பின்னால் இரண்டு மச்சாள். கடவுளே, ஒருத்தியோடேயே நான் படுகிற பாடு காணாதா! இமை தானாக இறங்கியது. தூக்கினேன், இறங்கியது. புதினம் என்னவென்றால், எனக்குப் பயமே வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற நித்திரை மாதிரிச் சுகமாக இருந்தது. காற்றாலைகள் இமைக்கு அடியில் மெதுவாகச் சுற்றின. பூநாரைகளின் நிறம் தண்ணீரை விட்டுக் கிளம்பி என் மடிவரை வந்தது.

"ஜிம்மி, எனக்குக் கண் மூடுதடா" என்றேன். வாய்க்குள் கஞ்சி வைத்துக்கொண்டு பேசுவது போலத்தான் வெளியே வந்தது.

மச்சாள் வலையை மிதித்துக்கொண்டு பாய்ந்து வந்தாள். என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள். இத்தனை வருசத்தில் அவளுடைய கை என் மேல் பட்டது அப்போதுதான்.

"அண்ணை! ஓடி வாங்கோ! இமை விழுந்திட்டுது!"

மில்ரன் ஒரு கையில் நைலோன் கயிற்றோடும் மற்றக் கையில் கத்தியோடும் வந்தார். "கையை இறுக்கிக் கட்டுவம். கீறி உறிஞ்சிறன்" என்று பக்கத்தில் குந்தினார்.

"கத்தியை எறியுங்கோ. கயிறும் வேண்டாம், கை அழுகிப்போகும். உங்கட சாரத்தைக் கழட்டித் தாங்கோ!"

பாவம், கட்டைக் களிசானோடு நின்றார் மனுசன். மச்சாள் அந்தச் சாரத்தை நீளம் நீளமாகக் கிழித்தாள். அண்ணா போன அடுத்த வருசம் கோயில் மண்டபத்தில் முதலுதவி வகுப்பு ஒன்று நடந்தது. அவள் ஒரு நாள் விடாமல் போனாள். "கிழவி பள்ளிக்கூடம் போறா, பாத்தியா" என்று கோழிக்குச் சொல்லி நான் சிரித்ததுண்டு. அந்த வகுப்புத்தான் இப்போது என் கையில் ஏறியது. முதலில் விரலில் இருந்த கலியாண மோதிரத்தைக் கழற்றி மில்ரனிடம் கொடுத்தாள். பிறகு விரல் நுனியில் தொடங்கித் தோள்வரைக்கும் சுற்றினாள். இறுக்கம்தான், ஆனால் நகத்தை அமத்திப் பார்த்து இரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சுற்றினாள். வாடிக் கூரையில் இருந்து ஒரு தடியை உருவி, கை மடங்காமல் சேர்த்துக் கட்டினாள். நான் எழும்பப் பார்த்தேன். "ஒரு அடி எடுத்து வைக்கப்படாது" என்று தோளில் அமத்தினாள். யாருக்குச் சொன்னாள் என்று பார்க்க நான் ஜிம்மியைத் தேடினேன். ஜிம்மி அந்தப் பக்கமே இல்லை.

பலகையில் வைத்துத் தூக்கி வள்ளத்தில் கிடத்தினார்கள். தண்ணீர் கேட்டேன். தரவில்லை, விழுங்க ஏலாமல் புரைக்கேறும் என்றாள். அப்போது எனக்கு வந்த கோபம்! என்னைப் பக்கவாட்டாகத் திருப்பி, வாயால் வழிந்ததைத் தன் சட்டையால் துடைத்தாள். மில்ரன் எப்படியோ எஞ்சினைப் பூட்டி இழுத்தார். அது இருமி இருமிப் பிடித்தது.

கண் முழுக்க மூடிவிட்டது. கையில்லை, காலில்லை, முகம்கூட இல்லை. காது மட்டும் இருந்தது. வள்ளத்தின் அடியில் தண்ணீர் கலகலவென்று ஓடுவதும், ஜிம்மி மூச்சு வாங்குவதும், கூடைக்குள் நண்டுகள் ஒன்றோடொன்று உரசுவதும் அவ்வளவு துலக்கமாகக் கேட்டன. நான் கடலடியில் கிடப்பதாக நினைத்துக்கொண்டேன். மேலே வெளிச்சம் அசைந்தது. என் மூச்சு குட்டையாகிக் குட்டையாகிக் கொண்டு போனது. பிறகு நெஞ்சு எழும்பவில்லை.

அப்போதுதான் பயம் வந்தது. ஐயோ, நான் உள்ளே இருக்கிறேன், விட்டுவிடாதீர்கள் என்று கத்தினேன். ஒரு சத்தமும் வெளியே போகவில்லை.

"போயிட்டாள்" என்று மில்ரன் அழுதார். "கொறற்றி, என்ர அருள் போயிட்டாள்." எஞ்சின் சத்தம் விழுந்தது. அவர் முழங்காலில் விழுந்து மரிப்பவர்களுக்காகச் சொல்லுகிற செபத்தைத் தொடங்கினார். என் புருசன் என்னை அனுப்பிவைக்கிற செபத்தை நான் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

"செபத்தைப் பிறகு பாப்பம். எஞ்சினைப் பிடியுங்கோ!" என்றாள் மச்சாள். என்னை மல்லாத்தினாள். தலையைப் பின்னுக்குச் சரித்தாள். மூக்கைப் பொத்தினாள். அவளுடைய வாய் என் வாய்மேல் வந்தது. வெற்றிலை மணம். சுண்ணாம்பு, பாக்கு, கொஞ்சம் ஏலக்காய். அந்த மணம் எல்லாம் சேர்ந்து என் நெஞ்சுக்குள் இறங்கியது, நெஞ்சு எழும்பியது. கடலடியில் இருந்து நான் கொஞ்சம் மேலே வந்தேன்.

ஒரு மூச்சுக் கொடுத்தால், அது வெளியே வர ஒரு சின்ன வசனம் சொல்லுகிற நேரம் விட்டு, பிறகுதான் மற்ற மூச்சுக் கொடுக்க வேண்டுமாம். வகுப்பில் பெண்டுகள் அந்த இடைவெளிக்குச் செபமாலையில் ஒரு வரி சொல்லிப் பழகினார்களாம். அன்று வள்ளத்தில் மச்சாளுக்குச் செபம் வரவில்லை. ஏச்சுத்தான் வந்தது.

மூச்சு. "கழுதை."

மூச்சு. "சொல்வழி கேளாத கழுதை."

மூச்சு. "நாய்க்குச் சொன்னா உனக்கு விளங்காதோடி?"

எனக்கு! நேராக எனக்கு! நாயும் இல்லை, கோழியும் இல்லை. நான் மேலே வந்தேன், கீழே போனேன், திரும்ப மேலே வந்தேன். அவள் சுண்ணாம்பு கூடுதலாகப் போடுகிறவள் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூச்சு. "உன்னையும் நான் விட மாட்டன்."

மூச்சு. "உன்ர அண்ணரை விட்டமாதிரி விட மாட்டன்."

வள்ளம் மணலில் இடித்தது. வத்துத் தண்ணீர். மில்ரன் குதித்து இறங்கித் தள்ளினார். இடுப்பளவு தண்ணீரில் அவர் அழுதுகொண்டு தள்ளுவது கேட்டது. மச்சாள் நிற்கவில்லை.

மூச்சு. "அண்டைக்கு எனக்கு இந்த வேலை தெரியாது."

மூச்சு. "பாத்துக்கொண்டிருந்தன், அருள். பாத்துக்கொண்டுதான் இருந்தன்."

மூச்சு. "போன் மேசையில கிடந்தது."

மூச்சு. "எழும்பி எடுக்க ஏலேல்லை. என்ர கையை அவர் பிடிச்சிருந்தவர்."

மூச்சு. "விடுங்கோ, தங்கச்சியைக் கூப்பிடுறன் எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை."

மூச்சு. அதற்குப் பிறகு வசனம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அழுதாலும் நேரம் தவறவில்லை. அழுத மூச்சையே எனக்குத் தந்தாள்.

மூச்சு. "கடைசிவரை விடேல்லையடி. அவர் கையை விடேக்குள்ள, வந்த சனம் மணி அடிக்கப் போயிட்டினம்."

மச்சாள், மச்சாள் என்று கூப்பிட்டேன். இத்தனை வருசமும் வாய் நிறைய நாக்கு வைத்துக்கொண்டு கோழியோடு பேசினோம். இப்போது கேட்க ஆயிரம் இருந்தது, நாக்கு இல்லை. நான் அழுதேன். கண்ணீர் வெளியே வந்ததா என்று தெரியாது.

"சிக்னல் வந்திட்டுது! அம்புலன்ஸ் கரைக்கு வருது!" என்று மில்ரன் கத்தினார். நல்லது என்று நினைத்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், கரை வந்துவிடப்போகிறதே என்று ஒரு கவலையும் இருந்தது. அந்தக் கடலில் அப்படியே மேலும் கீழுமாக, வெற்றிலை மணத்தோடு, அவள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டு கிடக்கலாம் போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் என் மூச்சை ஒரு மெஷின் பொறுப்பெடுத்தது. அது ஒழுங்காக ஊதியது, ஆனால் இடையில் வசனம் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வந்தன. கடல் பாம்பு நஞ்சுக்குத் தங்களிடம் தனி ஊசி கிடையாது என்று டொக்டர் மில்ரனுக்குச் சொல்வது கேட்டது. "மூச்சை விடாமல் பாத்துக்கொண்டால் நஞ்சு மெல்ல மெல்லத் தெளியும். வள்ளத்தில மூச்சுக் குடுத்திருக்காட்டி இங்க கொண்டுவந்து பிரயோசனம் இல்லை." ஒரு நாள் விரல் ஒன்று அசைந்தது. பிறகு இமை. பிறகு ஒரு காலையில் குழாயை எடுத்தார்கள். தொண்டை புண்ணாகிக் கிடந்தது.

கண்ணைத் திறந்தபோது மச்சாள் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தாள். தலை வாராமல், சட்டை கசங்கி, வெற்றிலை போடாத வாயோடு இருந்தாள். என் கண் திறந்ததைக் கண்டதும் அவளுடைய முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே அதை மறைத்துக்கொண்டு, மேசையில் இருந்த சுடுதண்ணீர்ப் பிளாஸ்க்கைக் கையில் எடுத்தாள்.

"பிளாஸ்க், பாத்தியா?" என்றாள். "சில பேர் ஒருமாதிரித் தப்பீட்டினம்."

திரும்பவும் பிளாஸ்க்கா? திரும்பவும் கோழியும் காகமும் நாயுமா?

அவள் பிளாஸ்க் மூடியைத் திருகினாள். திருகியதையே திரும்பத் திருகினாள். "மயங்கிக் கிடந்த ஆக்களுக்கு வள்ளத்தில கதைச்ச கதை ஒண்டும் கேட்டிருக்காது. அதுவும் நல்லதுதான்" என்று பிளாஸ்க்குக்குச் சொன்னாள்.

நான் பேசாமல் இருந்திருந்தால் அவ்வளவுதான். ஊருக்குப் போய், வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து, ஜிம்மி செத்தால் இன்னொரு நாயை வளர்த்துக்கொண்டு, இப்படியே முடிந்திருப்போம். தொண்டை எரிந்தது. அதைப் பார்த்தால் முடியுமா?

"மச்சாள்" என்றேன்.

பிளாஸ்க் மூடி கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. அவள் அதைத் தேடவில்லை.

"அண்ணா எந்தக் கையைப் பிடிச்சிருந்தவர்?"

மச்சாள் என்னையே பார்த்தாள். "கேட்டதோ உனக்கு?" என்றாள், நேராக எனக்கு.

"எல்லாம் கேட்டது. கழுதை எண்டு சொன்னதும் கேட்டது. எந்தக் கை, மச்சாள்?"

அவள் வலது கையைத் தூக்கினாள். அதை இப்போதுதான் முதல் தடவை பார்ப்பவள் போல, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் நீட்டினாள்.

நான் பிடித்தேன். நேர்ஸ் வந்து இரத்தம் எடுக்கக் கை வேண்டும் என்று சொன்னார். கட்டுப் போட்டிருந்த மற்றக் கையை எடுக்கச் சொன்னேன். அதில் வீக்கம் இருக்கிறது, இந்தக் கைதான் வேண்டும், கொஞ்சம் விடுங்கோ அம்மா என்றார். பிறகு வாங்கோ என்றேன்.